3,000 டாலருக்கு ஒரு கையெழுத்து

என் அப்பா பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்கிறவர் இல்லை. அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "யாருக்கு வேணும்னாலும் சோறு போடு, பணம் குடு. ஜாமீன் கையெழுத்து மட்டும் போட்டுடாதம்மா." எங்கள் சின்னத் தாத்தா ஒரு பங்காளிக்காகக் கோர்ட்டில் ஜாமீன் நின்றவர். அந்த ஆள் இரண்டு வாய்தாவுக்கு வந்தார். மூன்றாவது வாய்தா அன்று பம்பாய்க்கு ரயிலேறிவிட்டார். தாத்தா கோர்ட்டுக்கும் தாலுகா ஆபீசுக்கும் நடையாய் நடந்து, கடைசியில் கிணற்றடி நிலத்தில் ஒரு துண்டை விற்றுப் பணத்தைக் கட்டினார். அந்தத் துண்டை எங்கள் வீட்டில் இன்றைக்கும் "ஜாமீன் வயல்" என்றுதான் சொல்கிறார்கள்.

அப்பா வேண்டாம் என்ற அந்தக் கையெழுத்தை நான் டெக்சாஸில் போட்டேன். டாலஸுக்கு வடக்கே ஒரு கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) சிறைக்கு எதிரே இருந்த கடையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், 26 வயதுப் பையன் ஒருவனுக்காக. அதற்குப் பிறகு, இதே நிலையில் மாட்டிக்கொண்ட மூன்று குடும்பங்கள் என்னிடம் பேசியிருக்கின்றன. மூன்று பேருமே நள்ளிரவில், யாரிடமும் சொல்லாமல், ஃபோனில் தேடித் தேடிக் குழம்பியவர்கள். விசா, வீட்டுக் கடன், பள்ளிக்கூடம் பற்றியெல்லாம் நம் ஆட்கள் மணிக்கணக்கில் பேசுகிறோம். கைது என்று வந்தால் மட்டும் வாயை மூடிக்கொள்கிறோம். அதனால்தான் எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. இது டெக்சாஸ் கதை. மற்ற மாநிலங்களில் சட்டம் வேறு மாதிரி இருக்கும்.

பையனை இங்கே தம்பி என்றே எழுதுகிறேன். இந்தியாவிலிருந்து வந்து இறங்கியதும் மூன்று வாரம் எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தான். சனிக்கிழமை இரவு நண்பர்கள் விருந்து முடிந்து, அவனே கார் ஓட்டிக்கொண்டு திரும்பியிருக்கிறான். வழியில் போலீஸ் நிறுத்தியது. மூச்சுப் பரிசோதனையில் 0.11. இங்கே எல்லை 0.08. குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாக வழக்கு. டி.டபிள்யூ.ஐ. என்பார்கள். டெக்சாஸில் முதல் தடவை என்றால் கிளாஸ் பி என்ற சிறு குற்ற வகை, அதிகபட்சம் 180 நாள் சிறை. அவன் செய்தது தவறு. யார் மேலாவது மோதியிருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்கவே முடியாது. அதை அவனிடமும் சொன்னேன், அவனும் ஒத்துக்கொண்டான்.

அதிகாலை 2.40க்கு என் ஃபோன் அடித்தது. முதலில் ஒரு இயந்திரக் குரல், இது சிறையிலிருந்து வரும் அழைப்பு, பதிவு செய்யப்படுகிறது என்றது. அப்புறம் "அக்கா" என்றான். அவனுடைய ஃபோனை வாங்கி வைத்துவிட்டார்கள். எத்தனையோ படிவங்களில் 'அவசரத் தொடர்பு' என்ற கட்டத்தில் என் எண்ணை எழுதி எழுதி, அது ஒன்றுதான் அவனுக்கு மனப்பாடமாகியிருந்தது. நம் வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் இரண்டு எண்ணாவது மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

அவன் உடனே நடந்ததை எல்லாம் சொல்ல ஆரம்பித்தான். எத்தனை பியர், போலீஸ் என்ன கேட்டது, இவன் என்ன சொன்னான் என்று. நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். தமிழில்தானே பேசுகிறோம், யாருக்குப் புரியப் போகிறது என்ற எண்ணம் எங்கள் இருவருக்குமே இருந்திருக்க வேண்டும். பதிவான பேச்சை அரசுத் தரப்பு கேட்டு வாங்கலாம், மொழிபெயர்க்கவும் வைக்கலாம். சிறையிலிருந்து வரும் அழைப்பில் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: எந்தக் கவுண்டி, உடம்புக்கு ஒன்றும் இல்லையே, மருந்து ஏதாவது வேண்டுமா. "வக்கீல் வரும் வரை எதுவும் பேசாதே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட வேண்டும். அன்றைக்கு எனக்கு அது தெரியவில்லை.

அடுத்து, அவன் எங்கே இருக்கிறான் என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடாகிவிட்டது. கவுண்டி சிறையின் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். தேடினேன், அப்படி ஒருவர் இல்லை என்றது. நம் பெயர்ச் சிக்கல் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவன் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர். விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. என்று போட்டிருந்தார்கள், முதல் பெயர் தெரியாது என்று பொருள். ஓட்டுநர் உரிமத்தில் அப்பா பெயர் கடைசிப் பெயராக ஏறியிருந்தது. சிறைப் பதிவேட்டில் அது இன்னொரு வடிவம் எடுத்திருந்தது. என் கணவர்தான் பிறந்த தேதியை வைத்து, நான்கு விதமாகப் பெயரை மாற்றிப் போட்டுக் கண்டுபிடித்தார். அந்த அரை மணி நேரம் எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது.

டெக்சாஸில் கைதானவரை 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும். பெரும்பாலும் மறுநாள் காலையிலேயே முடிந்துவிடும். என்ன குற்றச்சாட்டு, வாய் திறக்காமல் இருக்கும் உரிமை, வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை எல்லாம் சொல்லி, ஜாமீன் தொகையையும் அப்போதுதான் நிர்ணயிப்பார்கள். வெளிநாட்டவர் என்றால் அவர் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டுமா என்றும் கேட்க வேண்டும். 1963ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தத்தில் 36வது பிரிவு அது. தம்பியிடமும் கேட்டிருக்கிறார்கள். பயத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

காலை எட்டரைக்குத் தொகை தெரிந்தது: 3,000 டாலர்.

அந்த 3,000 டாலரை வைத்து வெளியே வர டெக்சாஸில் பொதுவாக மூன்று வழிகள் உண்டு. முழுத்தொகையையும் கவுண்டியில் ரொக்கமாகக் கட்டலாம். எல்லா வாய்தாவுக்கும் ஒழுங்காக வந்தால், வழக்கு முடிந்ததும் அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும், அதுவும் ரசீது யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. இரண்டாவது, சொந்தப் பொறுப்பில் விடுவது. பர்சனல் பாண்ட் என்பார்கள். 'வருவேன்' என்று அவன் எழுதிக் கொடுக்கிறான், நீதிபதி நம்பி விடுகிறார். இதற்கென்று தனி அலுவலகம் உள்ள கவுண்டிகளில் 20 டாலரோ தொகையில் 3 சதவீதமோ, எது அதிகமோ அதைக் கட்டணமாக வாங்குவார்கள். மூன்றாவது வழிதான் சிறைக்கு எதிரே வரிசையாக விளக்குப் போட்டு வைத்திருக்கும் பெயில் பாண்ட் கடைகள்.

ஞாயிறு காலை எட்டரை மணிக்கு 3,000 டாலர் ரொக்கம் யாரிடம் இருக்கிறது? வங்கி மூடியிருக்கிறது. ஏ.டி.எம்.மில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வரம்பு. அந்தச் சிறையில் அப்போது கார்டு வாங்கவில்லை. பர்சனல் பாண்ட் என்ற வார்த்தையையே நான் கேள்விப்பட்டதில்லை. கடை திறந்திருந்தது. உள்ளே போனேன்.

கடைக்காரரை இங்கே பாண்ட்ஸ்மேன் என்பார்கள். எனக்கு வாய்த்தது ஒரு பெண்மணி, ஐம்பது வயது இருக்கும். மரியாதையாகத்தான் பேசினார். அவர் கோர்ட்டுக்கு எழுதிக் கொடுப்பது இதுதான்: 'இந்தப் பையன் வராவிட்டால் 3,000 டாலரும் நான் கட்டுகிறேன்.' அந்த உறுதிக்கு அவர் நம்மிடம் வாங்கும் கட்டணம் வழக்கமாகத் தொகையில் 10 சதவீதம், அதாவது 300 டாலர். அந்த 300 திரும்பி வராது. வழக்கு மறுநாளே தள்ளுபடியானாலும் வராது, பையன் நிரபராதி என்று தீர்ப்பு வந்தாலும் வராது. நம் ஆட்களில் நிறையப் பேர் இதை முன்பணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை, இது கூலி.

300 டாலரோடு முடியும் என்று நினைத்திருந்தேன். அவர் ஆறு பக்கக் காகிதத்தை என் பக்கம் திருப்பினார். பாண்ட்ஸ்மேன் கோர்ட்டுக்கு ஜாமீன் என்றால், நான் பாண்ட்ஸ்மேனுக்கு ஜாமீன். பையன் ஒரு வாய்தாவுக்கு வராமல் போனால் அந்த 3,000 டாலரை நான் கட்ட வேண்டும், அவனைத் தேடிப் பிடிக்கும் செலவும் என் தலையில். வாரம் ஒரு முறை அவன் கடைக்கு ஃபோன் செய்ய வேண்டும். சொல்லாமல் மாநிலத்தை விட்டு வெளியே போகக் கூடாது. முகவரி, வேலை மாறினால் தெரிவிக்க வேண்டும். நிபந்தனையை மீறினால் அவனைத் திரும்பச் சிறையில் ஒப்படைக்க பாண்ட்ஸ்மேன் நடவடிக்கை எடுக்கலாம். என் சம்பளச் சீட்டு, முகவரிச் சான்று, என் அமெரிக்க உறவினர் இருவரின் எண்கள் எல்லாம் கேட்டார். தொகை பெரிதாக இருந்தால் காரையோ வீட்டையோ ஈடு கேட்பார்களாம்.

பேனாவைக் கையில் எடுத்ததும் ஜாமீன் வயல் ஞாபகம் வந்தது. ஆறு பக்கத்தையும் படித்தேன். ஒரு மணி நேரம் ஆனது. அவர் அவசரப்படுத்தவில்லை. புரியாத இடங்களைக் கேட்டேன், சொன்னார். அவசரப்படுத்துகிற கடை என்றால் எழுந்து பக்கத்துக் கடைக்குப் போய்விட வேண்டும். பெரிய கவுண்டிகளில் இவர்களுக்கு உரிமம் கொடுக்கவே பெயில் பாண்ட் போர்டு என்று ஒன்று இருக்கிறது. உரிமம் உள்ளவர்களின் பட்டியலைச் சிறையிலேயே ஒட்டியிருப்பார்கள்.

கையெழுத்துப் போட்ட பிறகு, "உங்களுக்குத் தெரிந்த நல்ல வக்கீல் யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். குறிப்பிட்ட ஒரு வக்கீலைப் பரிந்துரைக்க எங்களுக்குச் சட்டப்படி அனுமதி இல்லை என்றார். அப்புறம் சட்டத்தைத் தேடிப் பார்த்தேன். டெக்சாஸில் அப்படித்தான் இருக்கிறது. தரகு உருவாகிவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி. நல்ல விதி என்றே நினைக்கிறேன்.

பணம் கட்டிய உடனே ஆள் வெளியே வந்துவிடுவதில்லை. மாலை நாலரைக்குத்தான் வந்தான். பெல்ட், பர்ஸ், அணைந்துபோன ஃபோன் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில். என்னைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை. வரும் வழியில் இட்லி வாங்கிக் கொடுத்தேன், சாப்பிட்டான். காரை இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அதை மீட்கத் தனிச் செலவு, நாளாக ஆகக் கூடிக்கொண்டே போகும் வாடகை.

திங்கட்கிழமை வக்கீல் தேடினோம். உண்மையில் இதைத்தான் ஞாயிறு அதிகாலையிலேயே செய்திருக்க வேண்டும். குற்ற வழக்கு வக்கீல்கள் பலர் இரவிலும் ஃபோன் எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

வாட்ஸாப் குழுவில் பெயர் சொல்லாமல் 'தெரிந்த ஒருவருக்கு' என்று கேட்டேன். பத்து நிமிடத்தில் ஏழு பெயர்கள் வந்தன. அதில் நான்கு பேர் குடியேற்ற வக்கீல்கள், ஒருவர் வீட்டுப் பத்திரம் பார்ப்பவர், ஒருவர் கலிஃபோர்னியாவில் இருக்கிறார். 'நம்ம ஆளு, நல்லாப் பேசுவார்' என்பதுதான் பரிந்துரைக்கான காரணம். இதய வலிக்குப் பல் மருத்துவரிடம் யாராவது போவார்களா? அதற்குள் தம்பியின் தபால் பெட்டியில் வக்கீல்களின் கடிதங்கள் வந்து குவிய ஆரம்பித்துவிட்டன. கைதுப் பதிவுகள் இங்கே பொது ஆவணம், அதைப் பார்த்து அனுப்புகிறார்கள். முதல் வாரத்தில் மட்டும் இருபதுக்கு மேல் வந்தன. பையன் ஒவ்வொன்றையும் பிரித்து நடுங்கிக்கொண்டிருந்தான், எல்லாமே கோர்ட்டு நோட்டீஸ் என்று நினைத்து.

எங்களுக்கு உதவியது எங்கள் பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா. ஓய்வு பெற்ற ஆசிரியை. அவரிடம் நேராகச் சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை. முதலில் கேட்டது, "எந்தக் கவுண்டி?" என்றுதான். டெக்சாஸில் 254 கவுண்டிகள். அரசுத் தரப்பு வழக்கறிஞரும் தேர்தலில் வருகிறவர், நீதிபதியும் தேர்தலில் வருகிறவர். முதல் குற்றத்துக்கு வகுப்புக்கு அனுப்பிவிட்டு வழக்கைக் கைவிடும் திட்டம் ஒரு கவுண்டியில் இருக்கும், பக்கத்துக் கவுண்டியில் இருக்காது. எந்த நீதிபதி எதற்குக் கோபப்படுவார், எந்த அரசு வக்கீல் எதைப் பேசித் தீர்ப்பார் என்பதெல்லாம் அந்தக் கட்டடத்தில் தினமும் ஏறி இறங்குகிறவருக்குத்தான் தெரியும். டாலஸ் நகரத்தில் பெரிய அலுவலகம் வைத்திருப்பவரைவிட, அந்தக் கவுண்டி கோர்ட்டுக்கு எதிர்த் தெருவில் இரண்டு அறை வைத்திருப்பவர் நமக்கு மேலாக இருக்கலாம். எங்களுக்கு அப்படித்தான் அமைந்தது.

பெயர் கிடைத்ததும் டெக்சாஸ் ஸ்டேட் பார் என்ற வக்கீல்கள் அமைப்பின் இணையதளத்தில் பார்த்தோம். உரிமம் நடப்பில் இருக்கிறதா, எந்த வருடம் பதிவு செய்தார், ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது உண்டா என்று அங்கே தெரிந்துகொள்ளலாம். குற்றவியல் சட்டத்தில் சிறப்புத் தேர்வு எழுதிச் சான்று பெற்றவர்களுக்குத் தனி வாரியம் இருக்கிறது. அந்தச் சான்று இல்லாத நல்ல வக்கீல்களும் உண்டு, ஆனால் இருப்பது ஒரு அடையாளம். மூன்று பேரிடம் பேசினோம், மூன்று பேரும் முதல் பேச்சுக்குக் காசு வாங்கவில்லை. ஒருவர் "கவலையே வேண்டாம், கேஸ் காணாமல் போய்விடும்" என்றார். அந்த இடத்திலேயே நான் முடிவு செய்துவிட்டேன், இவர் வேண்டாம் என்று. குற்ற வழக்கில் முடிவுக்கு உத்தரவாதம் கொடுக்க யாராலும் முடியாது. 'ஜெயித்தால் மட்டும் கட்டணம்' என்று விபத்து வழக்குக்காரர்கள் சொல்வதைப் போலக் குற்ற வழக்கில் பேசவும் விதிகள் இடம் தருவதில்லை.

மூன்றாமவரிடம் நான் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு கேட்டேன். கோர்ட்டில் நீங்களே வந்து நிற்பீர்களா, இல்லை ஜூனியரை அனுப்புவீர்களா? நீங்கள் சொல்லும் தொகை எதுவரைக்கும்? விசாரணைக்குப் போனால் தனியாகவா? ஓட்டுநர் உரிம வழக்கும் இதில் சேர்த்தியா? அவர் எல்லாவற்றுக்கும் எழுத்திலேயே பதில் கொடுத்தார். அந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியமானதாகப் போனது. கைது செய்தபோது ஒரு தாளைக் கொடுத்திருந்தார்கள். தம்பி அதைத் தற்காலிக உரிமம் என்று மடித்து வைத்திருந்தான். அது உரிமத்தை முடக்கப்போவதற்கான அறிவிப்பும்கூட. 15 நாட்களுக்குள் விசாரணை வேண்டும் என்று கேட்காவிட்டால், குற்ற வழக்கு எப்படி முடிந்தாலும் உரிமம் தானாகவே முடங்கிவிடும். எங்களுக்கு அதில் நான்கு நாள் போயிருந்தது.

எங்கள் பாண்ட் காகிதத்தையும் அவரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "ஞாயிறு காலையிலேயே என்னைக் கூப்பிட்டிருந்தால் பர்சனல் பாண்ட் கேட்டுப் பார்த்திருப்பேன்" என்றார். முதல் வழக்கு, நிரந்தர வேலை, முகவரி இருக்கிறது, கிடைத்திருக்க வாய்ப்பு உண்டு. அது இல்லாவிட்டாலும், டெக்சாஸில் வக்கீல் தன் கட்சிக்காரருக்குத் தானே பாண்ட் எழுதலாம். கட்டணத்தை வழக்குச் செலவில் கழித்துக்கொள்ளும் வக்கீல்களும் இருக்கிறார்கள். 300 டாலர் பெரிய தொகை இல்லை. ஆனால் 30,000 டாலர் ஜாமீன் என்று வந்த ஒரு குடும்பம் இதே அவசரத்தில் 3,000 டாலரை இழந்ததைப் பின்னால் என் கண்ணால் பார்த்தேன். வக்கீல் முதலில், பாண்ட் கடை அப்புறம்.

வக்கீலுக்குக் காசு இல்லாதவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1963இல் கிடியன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதன் அடிப்படையில், வசதி இல்லாதவருக்கு அரசுதான் வக்கீல் வைத்துத் தர வேண்டும். குடியுரிமை, விசா எதுவும் இதற்குத் தடை இல்லை. மாஜிஸ்ட்ரேட் முன்னாலேயே கேட்கலாம். மாணவர்கள் இதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட வேண்டாம்.

குடியேற்ற விஷயத்தில் எங்கள் வக்கீல் தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, குடியேற்ற வக்கீல் ஒருவரிடமும் கேட்டு வரச் சொன்னார். அங்கேதான் பெரிய கண்ணிவெடி இருந்தது. டெக்சாஸில் 'டிஃபெர்டு அட்ஜுடிகேஷன்' என்று ஒரு ஏற்பாடு உண்டு. குற்றத்தை ஒப்புக்கொண்டு, சொன்ன காலத்துக்கு ஒழுங்காக இருந்தால், மாநிலச் சட்டப்படி அது தண்டனையாகக் கணக்கில் வராது. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் மத்தியக் குடியேற்றச் சட்டம் அதைத் தண்டனை என்றே எடுத்துக்கொள்கிறது, ஒப்புக்கொண்டாயா, ஒப்புக்கொண்டாய், அவ்வளவுதான். 2010இல் பதில்லா வழக்கில், குடியேற்ற விளைவுகளைக் கட்சிக்காரருக்கு எடுத்துச் சொல்வது வக்கீலின் கடமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது இதனால்தான். முதல் தடவை குடித்து ஓட்டியது மட்டுமே பொதுவாக நாடு கடத்தும் குற்றம் ஆகிவிடாது. ஆனால் கைதானாலே போதும், தண்டனை வரும் முன்பே, பாஸ்போர்ட்டில் இருக்கும் விசா முத்திரையைத் தூதரகம் ரத்து செய்யலாம். தம்பிக்கு ஐந்தாவது வாரத்தில் அந்த மின்னஞ்சல் வந்தது. இங்கே இருக்கும் வரை இருக்கலாம், வேலையும் செய்யலாம். வெளியே போனால் புது விசா இல்லாமல் திரும்ப முடியாது. அந்த வருடம் அவன் அக்காவுக்குக் கல்யாணம். லீவு கிடைக்கவில்லை என்று வீட்டில் சொன்னான்.

அவன் வழக்கு நடந்துகொண்டிருந்த மாதங்களில் நான் இந்த ஜாமீன் முறையைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். இப்படிக் காசுக்கு ஜாமீன் நிற்பதைச் சட்டபூர்வமான வியாபாரமாக வைத்திருக்கும் நாடுகள் அமெரிக்காவும் பிலிப்பைன்சும்தான் என்று படித்தபோது நம்ப முடியவில்லை. ஆரம்பத்தில் இங்கிலாந்திலும் நம் ஊரைப் போலத்தான், தெரிந்தவர் ஒருவர் ஜாமீன் நின்றார். அமெரிக்காவில் மனிதர்கள் ஊர் விட்டு ஊர் போய், பக்கத்தில் இருப்பவரே யாரென்று தெரியாமல் ஆனபோது, அந்த இடத்தில் கடை வந்து உட்கார்ந்துவிட்டது. 1898இல் சான் பிரான்சிஸ்கோவில் மக்டோனா சகோதரர்கள் தொடங்கியதுதான் முதல் கடை என்று சொல்கிறார்கள். என்னைப் போல ஊர் விட்டு வந்தவர்களுக்காகவே உண்டான வியாபாரம் என்று தோன்றியது.

நம் ஊரில் இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும் என்றால், வீட்டு வரி ரசீது, தாசில்தார் கொடுக்கும் சொத்து மதிப்புச் சான்று என்று தூக்கிக்கொண்டு மாமாவும் சித்தப்பாவும் வருவார்கள். ஆள் ஓடினால்தான் பணம். ஓடாவிட்டால் ஒரு பைசா செலவில்லை, அலைச்சலைத் தவிர. கூலிக்கு ஜாமீன் நிற்கிறவர்கள் நம் கோர்ட்டு வாசல்களிலும் உண்டு, ஆனால் அது திருட்டுத்தனமாக நடக்கிற வேலை. அதற்காக நம் முறை ஏழைக்கு நல்லது என்றும் சொல்ல முடியாது. 1978இல் இந்திய உச்ச நீதிமன்றத்துக்கு வந்த மோதி ராம் வழக்கைப் பாருங்கள். மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார். 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள். அவருடைய சொந்தச் சகோதரரே ஜாமீன் நிற்க வந்தார். அவர் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மாஜிஸ்ட்ரேட் ஏற்க மறுத்துவிட்டார். நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கடுமையாகக் கண்டித்துத் தீர்ப்பு எழுதினார். அங்கே பிரச்சினை சொத்து எந்த மாவட்டம் என்பது. இங்கே எங்களுக்கு, ஜாமீன் நிற்பவருக்கு உள்ளூரில் சம்பளம் உண்டா என்பது.

இந்த 3,000 டாலர் என்ற எண்தான் என்னைத் தூங்க விடவில்லை. 2010இல் நியூயார்க்கில் கலீஃப் பிரவுடர் என்ற 16 வயதுப் பையனை, ஒரு முதுகுப் பையைத் திருடியதாகச் சொல்லிக் கைது செய்தார்கள். ஜாமீன் 3,000 டாலர். வீட்டாரால் கட்ட முடியவில்லை. பிறகு, முன்பே வேறொரு வழக்கில் நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தவன் என்ற காரணத்தால் ஜாமீனே இல்லை என்று ஆனது. ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் மூன்று வருடம், அதில் ஏறக்குறைய இரண்டு வருடம் தனிமை அறையில். விசாரணையே நடக்காமல் 2013இல் வழக்கைக் கைவிட்டார்கள். 2015இல் அவன் தற்கொலை செய்துகொண்டான். தம்பிக்குக் கேட்டதும் அதே தொகைதான். எங்களுக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தம்பி குடித்துவிட்டு வண்டி ஓட்டியது உறுதி. அந்தப் பையன் எதையும் திருடவில்லை என்று கடைசி வரை சொன்னான்.

இது அறியாமல் நடப்பதும் இல்லை. 1966இல் மத்திய ஜாமீன் சட்டத்தில் கையெழுத்திடும்போது ஜனாதிபதி ஜான்சனே ஓர் உதாரணம் சொன்னார்: போக்குவரத்துக் குற்றம் ஒன்றுக்கு 300 டாலர் கட்ட முடியாமல் ஒருவர் 54 நாள் சிறையில் கிடந்திருக்கிறார், அந்தக் குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனையே ஐந்து நாள்தான். கென்டக்கி 1976இலேயே இந்தக் கடைகளைத் தடை செய்தது. நியூஜெர்சி 2017 முதல் பண ஜாமீனைக் கிட்டத்தட்ட ஒதுக்கிவிட்டது. இல்லினாய் 2023 செப்டம்பர் 18 முதல் அடியோடு எடுத்துவிட்டது. அங்கே ஒருவர் ஆபத்தானவரா, ஓடிவிடுவாரா என்று நீதிபதி பார்க்கிறார், பர்ஸைப் பார்ப்பதில்லை. டெக்சாஸிலும் ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில், ஏழைகளைச் சிறு வழக்குகளில் பணம் இல்லாத காரணத்துக்காக அடைத்து வைப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2017இல் மத்திய நீதிபதி ஒருவர் தீர்ப்புச் சொன்னார். 2019இல் கவுண்டி சமரசத்துக்கு வந்தது. எங்கள் கவுண்டியில் கடைகளின் விளக்கு இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

தம்பியின் வழக்கு பதினான்கு மாதம் நடந்தது. ஒன்பது வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் முந்தின இரவு அவனுக்கு ஃபோன் செய்வேன். சட்டை இஸ்திரி போட்டாச்சா, பஸ் வராத ஊரில் யார் கொண்டுபோய் விடுவது என்று ஆரம்பித்து, எட்டு மணிக்கெல்லாம் கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டும் என்று முடிப்பேன். நான்கு தடவை நானே கூட்டிக்கொண்டு போனேன். ஒரு தடவை பனிமழை பெய்து சாலையெல்லாம் கண்ணாடியாக உறைந்திருந்தது. கோர்ட்டு மூடியிருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். வக்கீல் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வரும் வரை நாங்கள் காரை விட்டு இறங்கவில்லை. கடைசியில் வேறொரு சிறிய குற்றமாகக் குறைத்து, அபராதத்தோடும் வகுப்போடும் முடித்தார்கள். குடியேற்ற வக்கீல் படித்துப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் அவன் கையெழுத்துப் போட்டான். அடுத்த வாரம் பாண்ட் கடையிலிருந்து ஒரு தாள் வந்தது, உங்கள் பொறுப்பு முடிந்தது என்று.

அன்று இரவு அப்பாவுக்கு ஃபோன் செய்து முதல் முறையாக எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"எல்லா வாய்தாவுக்கும் வந்தானா?"

"ஒன்பதுக்கும் வந்தான்பா."

"அவங்க அப்பா அம்மாவுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லலை."

மறுபடியும் பேச்சில்லை. பின்னால் டி.வி. ஓடும் சத்தம் கேட்டது. அப்புறம், "எந்த ஊர்ப் பையன்மா?" என்று கேட்டார்.

அருப்புக்கோட்டைப் பக்கம் என்றேன். அங்கே தன்னோடு வேலை பார்த்தவர் ஒருவர் இருப்பதாகச் சொல்லி, பையனின் அப்பா பேர் என்ன என்று விசாரிக்க ஆரம்பித்தார்.